ஆறு சிறு நூலகங்கள், ஒரு பொது டிவிடி தொகுப்பு: சுற்றுக்கு விடும் முறை என்ன?

அலமாரி791 (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் ஒரே கவுண்டிக்குள் இருக்கும் ஆறு பொது நூலகங்களுக்கான பொதுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆறுக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி பட்ஜெட். ஆனால் கோஹா என்ற நூலக மென்பொருள் ஒன்றுதான், உறுப்பினர் அட்டையும் ஆறு இடத்திலும் செல்லும். வாரம் இரண்டு முறை வேன் வருகிறது.

டிவிடி விஷயத்தில்தான் இழுபறி. பெரிய நூலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, சின்ன ஊர்களில் தலா சில நூறு. அங்குள்ளவர்கள் இருக்கிறதையெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. நெட்ஃப்ளிக்ஸ் 2023 செப்டம்பரில் தபால் டிஸ்க்கை நிறுத்தியது, 2024இல் டிஸ்க் வாடகைக்கு விட்ட ரெட்பாக்ஸ் திவாலானது. டிஸ்க்கை இரவலாக எடுக்க நூலகத்தை விட்டால் அதிக இடம் மிச்சமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுத் தொகுப்பு வாங்கி, ஊர் ஊராகச் சுற்றுக்கு விடலாம் என்று பேச்சு.

ஒரு பெட்டிக்கு எத்தனை டிஸ்க், ஒரு ஊரில் எத்தனை நாள்? ஹோல்டு (முன்பதிவு) அனுமதிக்கலாமா? கோஹாவில் இதை எப்படி அமைப்பது? கீறல், தொலைந்தது எல்லாம் யார் கணக்கு? ஒரு நூலகம் நடுவில் விலகினால் டிஸ்க் யாருக்கு? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுற்றுவட்டம்

எண்ணிக்கைக்குப் போவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். பெட்டி பெட்டியாகவே பயணம் போக வேண்டுமா, அல்லது கேட்டவர் பக்கம் டிஸ்க் ஓட வேண்டுமா? ஒரே டிஸ்க்கிடம் இரண்டையும் எதிர்பார்த்தால் சுற்று மூன்றாவது மாற்றத்திலேயே கலைந்துவிடும். ஹோல்டு திறந்திருந்தால் புதிய பெட்டி சின்ன ஊருக்கு வந்து சேரும் முன்பே நல்லவற்றைப் பெரிய ஊர்க்காரர்கள் கணினியிலேயே பிடித்துவிடுவார்கள். சின்ன ஊரின் அலமாரிக்கு வருவது மிச்சம்தான். சுற்று என்பது அலமாரி முன் நின்று "இன்று என்ன பார்க்கலாம்" என்று தேடுபவருக்கான ஏற்பாடு. அவருக்காக என்று நினைத்தால் மற்ற விடைகள் தானாக வரும்.

ஆறு நூலகத்துக்கு ஆறு பெட்டி போடாதீர்கள், ஏழு போடுங்கள். ஆறு ஊரில் இருக்க, ஏதாவது ஒன்று எப்போதும் பணியறையில் இருக்கும். அந்த முறை அங்கிருக்கும் பெட்டியைத் துடைத்து, கேஸ் (டிஸ்க்கின் பிளாஸ்டிக் கூடு) மாற்றி, காணாமல் போனதைத் தேடி, தேவைப்பட்டால் டிஸ்க்கை நீக்கி அனுப்பலாம். இந்த ஓய்வு நிறுத்தம் இல்லாத சுற்றுகளில் பழுதான டிஸ்க் ஊர் ஊராகப் போய் ஆறு இடத்திலும் புகார் வாங்கிய பிறகுதான் யாராவது கவனிப்பார்கள்.

ஒரு நிறுத்தத்துக்கு 49 நாள், அதாவது ஏழு வாரம். ஏழு நிறுத்தம் 343 நாள். மீதி 22 நாளை நன்றி நவிலல் வாரத்துக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இடைவெளிக்கும் ஒதுக்குங்கள், அந்த வாரங்களில் பெட்டி நகராது. நாலு வாரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஏழு நாள் இரவலில் ஒரு டிஸ்க் நாலு வாரத்தில் மூன்று கை மாறினாலே அதிகம். பெட்டிக்கு 40 டிஸ்க் என்றால், அதற்காக ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 வெளியே, 40 உள்ளே என 80 முறை ஸ்கேன் செய்யும் வேலை கட்டுப்படியாகாது.

பெட்டிக்கு 40 என்றதற்குக் காரணம் அலமாரிதான். வழக்கமான கேஸ் 14 மி.மீ. தடிமன். 38 கேஸை முதுகு தெரிய அடுக்கினால் சுமார் 53 செ.மீ., இரண்டை முகம் காட்டி வைத்தால் இன்னொரு 27. ஆக 80 செ.மீ. 36 அங்குலத் தட்டின் நீளம் 91 செ.மீ. என்பதால் தடித்த சீரியல் பெட்டிகள் ஒன்றிரண்டுக்கும் இடம் கிடைக்கும். "இந்த மாதப் பெட்டி" என்று ஒரே தட்டில் தனியாகத் தெரிய வேண்டும். சொந்த டிவிடிகளோடு கலந்து அடுக்கினால் புதியது வந்ததே யாருக்கும் தெரியாது, பெட்டி கிளம்பும் நாளில் பொறுக்கவும் முடியாது. கேஸ் முதுகில் பெட்டிக்கு ஒரு நிறம் என ஏழு நிறப் பொட்டு ஒட்டுங்கள்.

எதைச் சுற்றில் விடுவது? புதுப் படத்தை விடாதீர்கள். அதை ஒவ்வொரு ஊரும் சொந்தமாகவே வாங்கட்டும், வந்த முதல் சில மாதம்தான் அதற்குக் கிராக்கி. குழந்தைகள் டிஸ்க்கும் வேண்டாம், இரண்டு ஊர் தாண்டுவதற்குள் கீறல் விழும். சுற்றுக்கென்றே பிறந்தவை பிரிட்டிஷ் துப்பறியும் சீரியல், ஆவணப்படம், வேற்றுமொழிப் படம், பழைய கிளாசிக். ஒரு ஊரில் பத்துப் பேர் பார்ப்பார்கள், பதினோராவது ஆள் இருக்கமாட்டார். வாங்கும் முன் கோஹாவில் ஒரு அறிக்கை ஓட்டி, ஏற்கெனவே மூன்று நூலகத்துக்கு மேல் வைத்திருக்கும் தலைப்புகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மாற்ற நாளில் எட்டுப் பத்து டிஸ்க் வெளியில்தான் இருக்கும். அவற்றுக்காகப் பெட்டியை நிறுத்திவைக்காதீர்கள். இருப்பதை அனுப்பிவிட்டு, வராததைச் சீட்டில் குறியுங்கள். திரும்பியதும் அடுத்த வேனில் பின்னாலேயே போகும். சுற்று டிஸ்க்குக்குப் புதுப்பித்தல் கிடையாது என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

மிதவை

நேர்மாறாக ஒரு கருத்து. வாரம் இருமுறை வேன் இருக்கிறது, பட்டியல் ஒன்று, அட்டை ஒன்று. இதற்கு மேல் பெட்டி, நிறம், சீட்டு எல்லாம் எதற்கு? டிவிடி அத்தனையையும் மிதக்க விடுங்கள். கோஹாவின் திருப்பும் விதியில் "எங்கும் திருப்ப வேண்டாம், மிதக்கட்டும்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. டிஸ்க் எங்கே திரும்புகிறதோ அங்கேயே அலமாரிக்குப் போகும். வேன் சுமை குறையும், கைமாற்றம் குறைவதால் கேஸ் உடைவதும் குறையும். யாருக்கு எது வேண்டுமோ ஹோல்டு போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

சுற்றுவட்டம்

ஆறும் ஒரே நிர்வாகத்தின் கிளைகளாக இருந்தால் மிதவை சொல்வதை ஒப்புக்கொள்வேன். இங்கே ஆறு தனி நிர்வாகம், ஆறு பட்ஜெட். மிதக்க விட்டால் டிஸ்க் ஒரு பக்கமாகத் தேங்கும். வேலைக்குப் போகும் வழியில் பெரிய நூலகத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்றால் மூன்றே மாதத்தில் சின்ன ஊர் அலமாரி காலி, பெரிய ஊரில் இடமில்லை. அப்புறம் மாதம் ஒருமுறை ஆள் வைத்துச் சமன் செய்ய வேண்டும், அது கையால் ஓட்டும் சுற்றுதான். "என் பணத்தில் வாங்கியது எங்கே?" என்று ஒரு நிர்வாகக் குழு கேட்கும் நாளில் மிதவைத் திட்டம் முடிந்துவிடும். நீங்கள் சொல்லும் வசதி சொந்த டிவிடிகளுக்கு இருக்கட்டும், ஹோல்டு தாராளமாகத் திறந்திருக்கட்டும். சுற்றுப் பெட்டிக்கு மட்டும் மூடுங்கள்.

பார்கோடு_பித்தன்

கோஹா பகுதியை நான் சொல்கிறேன். 18.11 பதிப்பிலிருந்து ஸ்டாக் ரொட்டேஷன் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. சிஸ்டம் ப்ரிஃபரன்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கினால் ரோட்டா, ஸ்டேஜ் என்று இரண்டு சொல் வரும். ரோட்டா என்பது முழு வழித்தடம். ஸ்டேஜ் என்பது அதில் ஒரு நிறுத்தம், நூலகத்தின் பெயரும் நாள் கணக்கும் சேர்ந்தது.

ஒரே ரோட்டா போட்டு 280 டிஸ்க்கையும் அதில் கொட்டினால் எல்லாம் முதல் நிறுத்தத்துக்கே போய்க் குவியும், ஏனென்றால் புதிதாகச் சேர்க்கும் ஐட்டம் முதல் ஸ்டேஜில்தான் உட்காரும். எனவே பெட்டிக்கு ஒன்றாக ஏழு ரோட்டா வேண்டும். வழி ஒன்றே, தொடக்கம் மட்டும் வேறு. முதல் ரோட்டா அ, ஆ, இ, ஈ, உ, ஊ, பணியறை. இரண்டாவது ஆ, இ, ஈ, உ, ஊ, பணியறை, அ. இப்படியே ஏழு வரை. பணியறையையும் ஒரு நூலகமாக உருவாக்கிக்கொள்ளுங்கள், ஆனால் உறுப்பினர் ஹோல்டு எடுக்கும் இடங்களின் பட்டியலில் அது தெரியாதபடி அணைத்துவிடுங்கள். ரோட்டாவைச் சுழற்சி வகையாகக் குறித்தால் கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்கோடுகளை ஒரு உரைக் கோப்பில் வரிக்கு ஒன்றாக வைத்து மொத்தமாக ஏற்றலாம். கடைசியில் ரோட்டாவை "செயலில்" என்று மாற்ற மறந்துவிடாதீர்கள், மாற்றாவிட்டால் எதுவும் நகராது.

நகர்த்துவது க்ரான் வேலை, அதாவது சர்வர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் நிரல், தினமும் இரவில் ஓட வேண்டும். கட்டளையில் செயல்படுத்தும் சுவிட்ச் இல்லாமல் ஓட்டினால் வெறும் அறிக்கை மட்டும் தரும். முதல் சில நாள் அப்படி ஓட்டிப் பாருங்கள். கிளைக்குக் கிளை மின்னஞ்சலாகவும் அனுப்பும், ஊழியர் அதை அச்சிட்டு அலமாரியில் பொறுக்கலாம்.

இனி, கையேட்டை மேலோட்டமாகப் படித்தால் தப்பிப்போகும் இரண்டு சங்கதிகள்.

டிஸ்க் அடுத்த ஸ்டேஜுக்கு நகரும்போது கோஹா அதன் ஹோம் லைப்ரரியையே (எந்த நூலகத்தைச் சேர்ந்தது என்ற புலம்) மாற்றிவிடும். யார் வாங்கியது என்ற தகவலை அந்தப் புலத்தில் நம்பி வைத்தால் முதல் மாற்றத்திலேயே போய்விடும். வாங்கியவர் பெயரைத் தொகுப்புக் குறியீட்டில் வையுங்கள், அதாவது பட்டியல் பதிவில் பிரதியின் விவரம் இருக்கும் 952ஆம் புலத்தில் 8 என்ற துணைப்புலம். அல்லது பார்கோடின் முன்னெண்ணிலேயே நூலகத்தைத் தெரியும்படி செய்யுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. சுற்று டிவிடிக்குத் தனி ஐட்டம் டைப் (பிரதி வகை) உருவாக்கி, ஹோல்டு விதியை "ஹோம் லைப்ரரி உறுப்பினர் மட்டும்" என்று வைத்தால், பெட்டி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க்காரர் மட்டும் ஹோல்டு போடலாம். பெட்டி நகர்ந்ததும் உரிமையும் கூடவே நகரும். அதே ஐட்டம் டைப்பில் இரவல் 7 நாள், புதுப்பித்தல் பூஜ்யம்.

இன்னொன்று தேதி. 49 நாள் என்பது பெட்டிக்கான கணக்கு அல்ல, ஒவ்வொரு டிஸ்க்கும் அந்த நிறுத்தத்தில் வந்து செக்-இன் ஆன நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். 12 நாள் தாமதமாக வந்த டிஸ்க் 12 நாள் தாமதமாகத்தான் கிளம்பும். அடுத்த ஊரில் இன்னும் நாலு நாள் கூடும். அப்படியே விட்டால் ஒரு வருடத்தில் பெட்டி நீண்ட வால் விட்டு ஊரெல்லாம் சிதறியிருக்கும். மாற்ற நாளன்று ரோட்டாவின் ஐட்டம் பட்டியலைத் திறந்து, பின்தங்கியவற்றைக் கையால் அடுத்த ஸ்டேஜுக்குத் தள்ளிவிடுங்கள். பணியறை நிறுத்தத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே நாளில் செக்-இன் செய்தால் கடிகாரம் மறுபடி ஒன்றாகும். ஒரு ஊரில் ஏதாவது சீரியல் அசாதாரணமாக ஓடினால் "கிராக்கி" என்ற குறியைப் போடலாம், அடுத்த நகர்வில் அது அங்கேயே தங்கும். இதைத் தாராளமாக உபயோகித்தால் சுற்றின் அர்த்தமே போய்விடும், பெட்டிக்கு இரண்டு என்று வரம்பு வையுங்கள்.

பல டிஸ்க் கொண்ட சீரியலுக்கு 952இன் 3 என்ற துணைப்புலத்தில் "4 டிஸ்க்" என்று எழுதுங்கள். ஸ்கேன் செய்யும்போது திரையில் எச்சரிக்கை வரும், ஊழியர் எண்ணிப் பார்ப்பார். மார்க் பதிவில் (நூலகப் பட்டியலின் பொது வடிவம்) 007ஆம் புலத்தின் ஐந்தாவது எழுத்து டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் வேறு வேறு. நகல் பதிவு செய்யும்போது அதை மாற்ற மறப்பதால்தான் ப்ளூ-ரே இயக்கி இல்லாதவர் ப்ளூ-ரேவை ஹோல்டு போட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறார்.

துடைப்புத்துணி

மேலே எல்லோரும் திரையைப் பற்றிப் பேசிவிட்டார்கள். சுற்று பிழைப்பதும் சாவதும் பணியறை மேசையில்தான்.

டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டியது, மொத்தம் 1.2 மி.மீ. தகவல் அடுக்கு நடுவில் இருக்கிறது. அதனால் அடிப்புறம் விழும் மேலோட்டமான கீறலைத் தேய்த்து எடுக்கலாம். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் உள்ளது, மேலே கடினப் பூச்சு. அது எளிதில் கீறாது, ஆழமாகக் கீறினால் தேய்க்கும் இயந்திரத்தில் விடாதீர்கள், நேராக நீக்கல். சிடியில் தகவல் அடுக்கு மேற்புற லேபிளுக்குச் சற்றே கீழே. டிவிடி பெட்டியோடு இசைத்தட்டு வந்தால் அதன் மேற்பக்கக் கீறலுக்கு வைத்தியமே கிடையாது.

சுற்றுக்குப் போன டிஸ்க்கில் கீறலை விட மோசமானது நடுத்துளையைச் சுற்றி வரும் வெடிப்பு. கேஸின் பல் இறுக்கமாக இருந்தால், பொத்தானை அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து வளைத்து எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் டிஸ்க் வளைந்து, துளை ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விழும். விரிசல் கண்ணாடி வளையத்தைத் தாண்டி வெள்ளிப் பகுதிக்குப் போனால் படம் நின்று நின்று ஓடும். இயக்கி வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே உடையவும் கூடும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் விவாதம் வேண்டாம், தூக்கி எறியுங்கள். ஸ்டுடியோ கொடுக்கும் கேஸ்களில் சில மிக மெலிது, எடை குறைக்க ஓட்டை போட்டிருப்பார்கள். சுற்றுக்கு வரும் எல்லாவற்றையும் முதல் நாளிலேயே நல்ல கேஸுக்கு மாற்றிவிடுங்கள், அழுத்தினால் டிஸ்க் தானாக எழும் வகை. சீரியலுக்கு, ஒன்றன் மேல் ஒன்றாக டிஸ்க்கை அடுக்கும் கேஸ் கூடவே கூடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனிப் பக்கம் உள்ளதாக வாங்குங்கள்.

டிஸ்க்கின் மேல் பார்கோடு ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் எடை ஏறினால் சுழலும்போது அதிரும், பசை சூட்டில் உரிந்து இயக்கிக்குள் சிக்கும். பார்கோடு கேஸில் போதும். டிஸ்க்கில் துளையைச் சுற்றி ஒட்டும் வளைய லேபிள், அல்லது உள் வளையத்தில் நீர் சார்ந்த பேனாவால் பார்கோடின் கடைசி நாலு எண். சீரியலில் இதோடு "2/4" என்றும் எழுதுங்கள். தவறான கேஸில் தவறான டிஸ்க் திரும்புவதுதான் அன்றாடத் தொல்லை. அந்த நாலு எண் இருந்தால் சுலபமாகப் பிடிபடும்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் துணியிலிருக்கும் மணல் துகள் தடத்தின் போக்கிலேயே கீறும், அந்தக் கீறலைத் திருத்தும் கணக்கு இயக்கிக்குக் கடினம். குறுக்குக் கீறலை அது தாண்டிப் போய்விடும். விரல் ரேகைக்கு மென்மையான சோப்புத் தண்ணீர் போதும், பிசுக்குக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். பெயின்ட் தின்னர், அசிட்டோன் பக்கமே போகக்கூடாது, பாலிகார்பனேட் வெளுத்துவிடும். காகித நாப்கினும் வேண்டாம்.

தேய்க்கும் இயந்திரம் ஆறு நூலகத்துக்கும் சேர்த்து ஒன்று போதும், பணியறையில் இருக்கட்டும். மலிவான கை இயந்திரம் ஒரு டிஸ்க்கைப் போட்டு நிமிடக்கணக்கில் முன்னால் நிற்க வைக்கும். தானாக ஓடும் வகை விலை அதிகம், ஆனால் சுற்றுக்கு அதுதான் பொருந்தும். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் கொஞ்சம் கரைகிறது என்பதால் ஒரே டிஸ்க்கை மூன்று நாலு முறைக்கு மேல் தேய்ப்பதில் பயனில்லை. எத்தனை முறை என்று பதிவின் பொதுவில் தெரியாத குறிப்பில் எழுதுங்கள்.

கீறலே இல்லாமல் படம் நிற்கிறதா? டிஸ்க் அழுகலாக, அதாவது உள் அடுக்கு தானாகவே கெட்டதாக, இருக்கலாம். 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகள் சிலவற்றில் இந்தப் பழுது இருப்பதை அந்த நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. பளபளவென்று இருக்கும், நடுப்பகுதி தாண்டியதும் உறையும். தேய்த்தால் சரியாகாது. பழைய கையிருப்பிலிருந்து எடுத்துச் சுற்றில் சேர்க்கும்போது அந்த ஆண்டுத் தயாரிப்புகளை முதலில் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

திரும்பும் டப்பாவில் படத்தை விட முக்கியமான ஒன்று "எங்கே நிற்கிறது?" என்ற சீட்டு. "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. டிஸ்க் எண், எந்த நிமிடம், என்ன இயக்கி என்று மூன்று கோடு போட்ட துண்டுச்சீட்டைக் கேஸுக்குள் வையுங்கள். எல்லா ஊரிலும் ஒரே அத்தியாயத்தில் நின்றால் டிஸ்க் பழுது. ஒரே உறுப்பினரிடம் எல்லா டிஸ்க்கும் நின்றால் அவர் வீட்டு இயக்கியின் லென்ஸ்.

ஒப்பந்தப்புலி

பணமும் காகிதமும். சுற்றுவட்டத்தின் கணக்குப்படி 280 டிஸ்க். கேஸ், லேபிள் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 20 டாலர் என்று வைத்தால் 5,600 டாலர், ஆறு பங்காக்கினால் ஆளுக்கு 933. ஆனால் பணத்தை ஒரு குடத்தில் ஊற்றி வாங்காதீர்கள். விலகும் நாளில் குடத்தைப் பிரிப்பதுபோல் தலைவலி வேறில்லை. ஒவ்வொரு நூலகமும் தன் பில்லில் 46 அல்லது 47 டிஸ்க் வாங்கி, அதை இரண்டு ஆண்டுக்குச் சுற்றில் விடுவதாக எழுதுங்கள். உரிமை வாங்கியவருக்கே. ஒரு நூலகம் வாங்கியதை ஒரே பெட்டியில் போடாமல் பெட்டிக்கு ஆறேழாகப் பரப்புங்கள். ஒருவர் விலகினால் ஏழு பெட்டியும் கொஞ்சம் இளைக்கும், எதுவும் காலியாகாது. விலக ஒரு முழு நிறுத்தம் முன்னறிவிப்பு, டிஸ்க் திரும்புவது அது பணியறைக்கு வரும்போது மட்டும்.

பழுதுக்கு இரண்டு விதி. இயல்பான தேய்மானம் வாங்கியவர் செலவு. உறுப்பினர் தொலைத்தது, உடைத்தது, இரவல் கொடுத்த நூலகத்தின் பொறுப்பு. அது உறுப்பினரிடம் வசூலித்தாலும் சரி, வசூலிக்க முடியாவிட்டாலும் சரி, வாங்கியவருக்குப் பணமாகவோ அதே தலைப்பாகவோ ஈடு கொடுக்க வேண்டும். தாமதக் கட்டணத்தை ஒழித்துவிட்ட நூலகமும் இன்னும் வசூலிக்கும் நூலகமும் ஒரே சுற்றில் இருக்கும் என்பதால், கட்டணம் எந்த ஊர் அலமாரியிலிருந்து போனதோ அந்த ஊர் விதிப்படி. இதை எழுதாமல் விட்டால் சிறு தொகைக்குப் பெரிய மனத்தாங்கல் வரும்.

சட்டத்தில், இரவல் கொடுக்கத் தனி அனுமதி வேண்டாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, சட்டப்படி தயாரான பிரதியை வாங்கியவர் அதை விற்கவும் இரவல் தரவும் இடம் தருகிறது. சுற்றில் ஆறு ஊர் போனாலும் அதே பிரதிதான் போகிறது. ஆனால் "கீறினால் கைவசம் இருக்கட்டும்" என்று நகல் எடுத்து நகலைச் சுற்றுக்கு விடுவது இந்தப் பாதுகாப்புக்குள் வராது, பூட்டை உடைத்து நகலெடுப்பதே தனிக் குற்றச்சாட்டு. பெட்டியில் வந்த படத்தை வெள்ளி மாலை கூடத்தில் திரையிடுவதும் இரவல் அல்ல, பொதுக்காட்சி. அதற்கு உரிமம் வேண்டும், உரிமம் பொதுவாகக் கட்டடத்துக்குக் கட்டடம் தனி, எந்த ஸ்டுடியோக்கள் அதில் அடங்கும் என்பதும் வேறுபடும். பக்கத்து ஊரில் உரிமம் இருப்பது உங்கள் கூடத்துக்கு உதவாது.

தனியுரிமை பற்றி ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பு. பெட்டியோடு போகும் சீட்டில் "வராத டிஸ்க்" பட்டியல் இருக்கும் அல்லவா, அதில் தலைப்பும் பார்கோடும் மட்டும். எடுத்தவர் பெயர் கூடவே கூடாது. வீடியோ தனியுரிமைக்கான 1988 கூட்டாட்சிச் சட்டம் உருவானபோது நூலகங்களுக்கான பகுதி அதிலிருந்து கழன்றுவிட்டது. நூலகப் பதிவைக் காப்பது மாநிலச் சட்டம். வேன் ஓட்டுநர் கையில் போகும் காகிதத்தில் யார் என்ன படம் எடுத்தார் என்று இருப்பதை எந்த மாநிலமும் ரசிக்காது.

ஆண்டறிக்கையில் கையிருப்பு எண்ணிக்கையை வாங்கியவர் மட்டும் காட்டட்டும், இரவல் எண்ணிக்கையைக் கொடுத்த ஊர் காட்டட்டும். இல்லாவிட்டால் ஒரே டிஸ்க் ஆறு ஊரிலும் கையிருப்பாக ஏறும். ஹோம் லைப்ரரி மாறிக்கொண்டே இருப்பதால் கோஹாவின் வழக்கமான அறிக்கை இதைச் சரியாகத் தராது. பார்கோடு_பித்தன் சொன்ன தொகுப்புக் குறியீட்டை வைத்து எண்ணுங்கள்.

அலமாரி791

எல்லோருக்கும் நன்றி. ஏழாவது பெட்டி யோசனை இதுவரை யாரும் சொல்லாதது. இன்னும் ஒரே சந்தேகம். இரண்டு ஊரில் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் கணிசம். ஒரு பெட்டிக்கு ஐந்தாறு இந்தியப் படம் வைக்கலாம் என்று எண்ணம். இந்தியாவிலிருந்து வாங்கி வரும் டிஸ்க்கைச் சேர்க்கலாமா?

துடைப்புத்துணி

சேர்க்கலாம், மூன்றைப் பார்த்துவிட்டு. மண்டலம்: அமெரிக்க டிவிடி இயக்கி மண்டலம் 1, இந்தியா 5. ஏற்றுமதிக்கென்று வந்த தமிழ் டிவிடிகளில் பல எல்லா மண்டலத்துக்கும் ஓடுபவை, உறையின் பின்பக்கம் பூகோளப் படத்துக்குள் எழுதியிருக்கும். ப்ளூ-ரே என்றால் அமெரிக்கா ஏ, இந்தியா சி. அடுத்தது ஒளிபரப்பு முறை: உறையில் பால் (PAL) என்று இருந்தால் இங்குள்ள பழைய இயக்கிகளில் படம் உருளும் அல்லது வராது, என்டிஎஸ்சி (NTSC) என்று இருக்க வேண்டும். கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஓடுகிறது" என்று சேர்க்காதீர்கள், கணினிக்கு இரண்டு முறையும் ஒன்றுதான். மண்டலத்தையும் ஐந்து முறை வரை மாற்றிக்கொள்ளும். கடையில் வாங்கிய சாதாரண இயக்கியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அடிப்பக்கத்தின் நிறம். அச்சில் வார்த்த டிஸ்க் வெள்ளி அல்லது இளம்பொன். ஊதா, நீலம் கலந்திருந்தால் அது எரித்த டிஸ்க், அதாவது வெற்று டிஸ்க்கில் பதிவு செய்தது. வார்னர் ஆர்க்கைவ் 2009இல் தொடங்கியபோது விற்றவையும் அப்படி எரித்தவைதான், ஆகவே நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் மளிகைக்கடை மூலையில் மூன்று படம் ஒரே டிஸ்க்கில் என்று வாங்கியது ஊதாவாக இருந்தால் கேள்வியே வேண்டாம்.

ஒப்பந்தப்புலி

அதோடு, வெளிநாட்டில் சட்டப்படி தயாரான பிரதிக்கும் 109ஆம் பிரிவு பொருந்தும் என்று கிர்ட்சாங் வழக்கில் 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே இந்தியாவில் வாங்கியதில் தடையில்லை. திருட்டுப் பிரதி எந்த நாட்டில் வாங்கினாலும் இதற்குள் வராது. நன்கொடையாக வரும் தமிழ்ப் பட மூட்டைகளை இந்தக் கண்ணோடு பிரித்துப் பாருங்கள், பாதி தேறினால் அதிகம்.

பார்கோடு_பித்தன்

பட்டியலில் தலைப்பைத் தமிழிலும் கொடுங்கள், 880 புலம் அதற்குத்தான். ரோமன் எழுத்தில் நூலக முறைப்படி மட்டும் எழுதினால் உறுப்பினர் தேடும் எழுத்துக்கூட்டலில் சிக்காது. உறையில் அச்சிட்டுள்ள எழுத்துக்கூட்டலை 246இல் மாற்றுத் தலைப்பாகச் சேருங்கள். ஆங்கிலத் துணையெழுத்து உண்டா இல்லையா என்பது 546இல் போகட்டும். அது இல்லாத டிஸ்க்கைத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் அந்த இரண்டு ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு இரண்டே ஸ்டேஜ் கொண்ட எட்டாவது ரோட்டா ஒன்று போதும்.